சொந்தமாக ஒரு சின்ன விமானம்: வாங்குமுன், பறக்குமுன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே ஒரு பிஸ்டன் எஞ்சின், இரண்டு முதல் ஆறு இருக்கைகள். இந்த அளவுள்ள விமானங்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம். லைசென்ஸ் கையில் வந்ததும் 'நமக்கென்று ஒன்று வாங்கினால் என்ன?' என்று யோசிக்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. லைசென்ஸ், பதிவு, ஆய்வுக் காலம் போன்ற விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். அவற்றை உங்கள் நாட்டு விமானத் துறையிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

சின்ன விமானம் ஆபத்தானது என்கிறார்களே, உண்மையா?

பயணிகள் விமானத்தோடு ஒப்பிட்டால், ஆமாம். அங்கே இரண்டு விமானிகள், இரண்டு எஞ்சின்கள், வானிலையைப் பார்த்துப் புறப்பாட்டைத் திட்டமிட்டுத் தர ஒரு குழு, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பயிற்சி எல்லாம் இருக்கின்றன. இங்கே அத்தனை வேலையும் உங்கள் ஒருவர் தலையில். விமானிகள் தங்களுக்குள் பேசும்போது காரோடு ஒப்பிட மாட்டார்கள், மோட்டார் சைக்கிளோடுதான் ஒப்பிடுவார்கள்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மோட்டார் சைக்கிளில் போகிறவரை இன்னொருவர் வந்து இடித்துவிடலாம். சின்ன விமான விபத்துகளில் பெரும்பாலானவை விமானியின் முடிவிலிருந்தே தொடங்குகின்றன. எரிபொருள் தீரும்வரை பறந்தது, மேகத்துக்குள் நுழைந்தது, நண்பர் வீட்டுக்கு மேலே தாழப் பறந்து காட்டியது, சுமையை மீறி ஏற்றியது. இவற்றில் எதையும் யாரும் உங்கள் மேல் திணிக்க முடியாது.

முதல் விமானமாக எதை வாங்கலாம்?

'எனக்கு எது பிடிக்கும்' என்பதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, போன வருடம் நீங்கள் பறந்த பயணங்களை எழுதிப் பாருங்கள். எத்தனை பேர் போனீர்கள், எவ்வளவு தூரம், எந்த மாதிரி ஓடுபாதை? பத்தில் ஒன்பது பயணங்களுக்கு எது போதுமோ அதுதான் உங்கள் விமானம். பத்தாவதற்கு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

செஸ்னா 172 முதன்முதலில் பறந்தது 1955-இல். இதுவரை 44,000-க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். உலகில் இவ்வளவு எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானம் வேறு இல்லை. உதிரிபாகம் கிடைக்கும், இதைத் தெரிந்த மெக்கானிக் எங்கும் இருப்பார், சக்கரம் உள்ளே மடங்காத வகை என்பதால் அதை இறக்க மறந்துவிடுவோமோ என்ற கவலை இல்லை. முதல் விமானத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

நாலு இருக்கை இருப்பதால் நாலு பெரியவர்கள் போகலாம் என்று நினைத்துவிடாதீர்கள். விமானப் பெட்ரோல் லிட்டருக்குச் சுமார் 0.72 கிலோ. 200 லிட்டர் நிரப்பினால் 144 கிலோ. அதைக் கழித்தால் இந்த ரக விமானங்களில் பெரும்பாலும் மூன்று பெரியவர்களுக்குத்தான் எடை மிஞ்சும், பெட்டிக்கும் இடம் யோசிக்க வேண்டும். டாங்க்கைக் குறைக்க வேண்டும் அல்லது ஒருவரை இறக்க வேண்டும்.

வேகமான விமானத்தை முதலிலேயே வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். 1947-இல் விற்பனைக்கு வந்த பீச்கிராஃப்ட் பொனான்சா அருமையான விமானம். இருந்தும் அதற்கு 'டாக்டர் கொல்லி' என்று ஒரு கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. டாக்டர்களைப் போல, வாங்கப் பணம் இருந்தும் பழக நேரம் இல்லாதவர்கள் கையில் அது போய்ச் சேர்ந்ததுதான் காரணம்.

நாற்பது வருடப் பழைய விமானத்தை நம்பலாமா?

நம்பலாம், பார்த்து வாங்கினால். இங்கே வயதைவிட, அந்த நாற்பது வருடமும் அது எப்படி இருந்தது என்பதுதான் முக்கியம்.

விற்பவருடைய மெக்கானிக்கையே வைத்து ஆய்வு செய்யாதீர்கள். அவர் நேர்மையானவராகவே இருக்கலாம், ஆனால் தான் செய்த வேலையைத் தானே குறை சொல்வது யாருக்கும் கஷ்டம். நீங்கள் பணம் கொடுத்து, அந்த மாடலில் பழக்கப்பட்ட ஒருவரை அழைத்து வாருங்கள். முதல் நாளிலிருந்து லாக்புக் முழுசாக இருக்கிறதா, அந்த மாடலுக்கு வந்த கட்டாயப் பழுது உத்தரவுகள் எல்லாம் செய்யப்பட்டிருக்கின்றனவா, இறக்கை பொருந்தும் இடங்களில் துரு பிடித்திருக்கிறதா, சிலிண்டர் அழுத்தம் எவ்வளவு நிற்கிறது என்றெல்லாம் அவர் பார்ப்பார். ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

எஞ்சின் விஷயத்தில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். 'இருபது வருட எஞ்சின், 300 மணி நேரம்தான் ஓடியிருக்கிறது' என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் சந்தோஷப்படுவார்கள். எனக்கு அதைப் பார்த்தால் பயம்தான் வரும். இந்த விமானங்களில் அதிகம் காணும் லைக்கமிங் எஞ்சின்களில், வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல் பக்கம் இருக்கிறது. எஞ்சினை நிறுத்திவிட்டால் அதன் மேலிருக்கும் ஆயில் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிடும். மாதக்கணக்கில் நின்றால் ஈரம் படிந்து துரு பிடிக்கும். மறுபடி ஓட்டும்போது அந்தத் துரு அரைபட்டு கேம்மையே தின்றுவிடும். தயாரிப்பாளர்கள் முழு ஓவர்ஹாலுக்கு (எஞ்சினைப் பிரித்துப் புதுப்பிப்பதற்கு) பொதுவாக 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று சொல்வதில் அந்த 12 வருடம் இதனால்தான் இருக்கிறது. ஆறு வருடத்தில் 1,200 மணி நேரம் தொடர்ந்து ஓடிய எஞ்சினை நான் நிம்மதியாக வாங்குவேன்.

வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா?

வருடத்துக்கு 100 மணி நேரத்துக்குக் கீழே பறக்கிறவருக்குப் பெரும்பாலும் வாடகைதான் கட்டுப்படியாகும். ஹேங்கர், இன்ஷூரன்ஸ், வருடாந்தர ஆய்வு இவையெல்லாம் விமானம் பறந்தாலும் நின்றாலும் ஒரே செலவு. அப்புறம் ஓவர்ஹால். அந்தத் தொகையை 2,000-ஆல் வகுத்து, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் அவ்வளவு பணத்தைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அப்படிச் செய்யாதவர்கள்தான் ஓவர்ஹால் வரும் வருடத்தில் விமானத்தை விற்கிறார்கள், அல்லது 'இன்னும் கொஞ்ச நாள் ஓடட்டும்' என்று தள்ளிப்போடுகிறார்கள். இரண்டாவது ரொம்ப மோசம்.

மூன்று நான்கு பேர் சேர்ந்து வாங்குவது நல்ல வழி. செலவு குறையும் என்பதோடு விமானம் சும்மா நிற்காது. ஒருவர் விலக நினைத்தால் என்ன செய்வது என்பதை மட்டும் முதல் நாளே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள்.

பறப்பதற்கு முன் சுற்றிப் பார்க்கிறோமே, அதில் உண்மையில் எதைப் பார்க்க வேண்டும்?

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை. இறக்கைக்கு அடியில் குனிந்து, டாங்க்கின் அடி வால்வை அழுத்திச் சின்னக் கண்ணாடிக் குவளையில் பெட்ரோல் பிடித்தேன். 100 எல்.எல். விமானப் பெட்ரோல் இளநீலமாக இருக்கும். குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தால் நிறமே இல்லை, தெளிவாக இருந்தது. சுத்தமாக இருக்கிறது என்று ஒரு கணம் நினைத்தும் விட்டேன். முகர்ந்தால் வாசனை இல்லை. குவளை முழுக்கத் தண்ணீர். மூன்று குவளை இறக்கிய பிறகுதான் நீலம் வந்தது. அதன் அடியில் ஒரு தண்ணீர் மணி கண்ணாடிக் குண்டு மாதிரி உருண்டுகொண்டிருந்தது. மேலே ஏறிப் பார்த்தால் டாங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. அன்று நான் பறக்கவில்லை.

தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம், அதனால் அடியில் தங்கும். கொஞ்சம் இருந்தால் கோடு தெரியும். குவளை முழுக்கத் தண்ணீராக இருந்தால் கோடே தெரியாது. அதனால் நிறத்தையும் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். வைக்கோல் நிறமாகவோ மண்ணெண்ணெய் வாசனையாகவோ இருந்தால் யாரோ ஜெட் எரிபொருளை ஊற்றியிருக்கிறார்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

மற்றவை: எரிபொருள் அளவை மீட்டரில் மட்டும் பார்க்காமல் அளவுக் குச்சியை விட்டுப் பாருங்கள். வேகமானிக்குக் காற்று போகும் பிட்டோ குழாயில் பூச்சி கூடு கட்டியிருக்கலாம், எஞ்சின் மூடிக்குள் பறவை கட்டியிருக்கலாம். தரையில் விமானத்தை இழுக்கும் கம்பியை மூக்குச் சக்கரத்திலிருந்து கழற்றினீர்களா? நடுவில் யாராவது வந்து பேச்சுக் கொடுத்தாலோ போன் வந்தாலோ, விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். முதலிலிருந்து ஆரம்பியுங்கள்.

சாவியை எடுத்தாயிற்று. ப்ரொப்பெல்லரைக் கையால் நகர்த்தலாமா?

வேண்டாம். எஞ்சினுக்குத் தீப்பொறி தருவது மேக்னெட்டோ என்ற சின்ன மின்னாக்கி. அதற்கு பாட்டரி தேவையில்லை, ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுழன்றாலே தீப்பொறி தரும். சாவியை 'ஆஃப்' செய்தால் ஒரு கம்பி அதைத் தரையோடு இணைத்து அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கம்பி அறுந்திருந்தால் மேக்னெட்டோ உயிரோடு இருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. சிலிண்டரில் மிச்சமிருக்கும் ஆவி போதும், ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று அடித்துவிடும்.

கொஞ்சம் மேகம்தானே, உள்ளே புகுந்து அந்தப் பக்கம் வந்துவிட முடியாதா?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி இல்லாத 20 பேரை வைத்து 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். வெளியே எதுவும் தெரியாதபடி செய்து ஓட்டச் சொன்னார்கள். ஒருவர் விடாமல் 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக அதற்கு ஆன நேரம் 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை.

இது திறமைக் குறைவு இல்லை, காதுக்குள் நடக்கும் விஷயம். உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழாய்களில் திரவம் நகர்வதை வைத்துத்தான் நாம் திரும்புகிறோம் என்று மூளைக்குத் தெரிகிறது. விமானம் ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் திரவமும் குழாயோடு சேர்ந்து போக ஆரம்பித்துவிடும். உடம்பு 'நேராகத்தான் போகிறோம்' என்று சொல்லும். உண்மையில் விமானம் சாய்ந்து, மூக்கு தாழ்ந்து இறங்கிக்கொண்டிருக்கும். உயரம் குறைவதைப் பார்த்து விமானி ஸ்டிக்கை இழுப்பார். சாய்வை நிமிர்த்தாமல் இழுத்தால் சுருள் இன்னும் இறுகும். அப்படியே தரை வரை.

1999 ஜூலை 16 இரவு, அமெரிக்க முன்னாள் அதிபர் கென்னடியின் மகன் ஜான் கென்னடி ஜூனியர் தன் பைப்பர் சாரட்டோகாவில் மனைவியோடும் மைத்துனியோடும் மார்த்தாஸ் வின்யார்ட் தீவுக்குப் பறந்தார். மேகத்துக்குள்கூட அவர் போகவில்லை. கடலுக்கு மேலே புகைமூட்டம், இருட்டு, அடிவானக் கோடு தெரியவில்லை. விமானம் கடலில் விழுந்து மூவரும் இறந்தார்கள். திசையுணர்வு தவறியதே காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது.

எனவே: முன்னால் வெண்மை கூடி அடிவானம் மங்கும்போதே திரும்பிவிடுங்கள். உள்ளே போய்விட்டால், இறக்கைகளை நேராக்குங்கள், ஆட்டோபைலட் இருந்தால் போடுங்கள், செயற்கை அடிவானக் கருவியை விட்டுக் கண்ணை எடுக்காமல் மெதுவாக 180 டிகிரி திரும்புங்கள். உடம்பு சொல்வதை நம்பாதீர்கள். கட்டுப்பாட்டு நிலையத்திடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள், உதவுவார்கள். கருவிப் பறப்புப் பயிற்சியை எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

எரிபொருள் எவ்வளவு மிச்சம் வைக்க வேண்டும்?

அமெரிக்க விதி பகலில் 30 நிமிடம், இரவில் 45 நிமிடம் என்கிறது. நான் எப்போதும் ஒரு மணி நேரம் வைப்பேன். லிட்டரில் யோசிக்காதீர்கள், மணி நேரத்தில் யோசியுங்கள். 'நாலு மணி நேரத்துக்கு இருக்கிறது, மூன்றாவது மணி நேரம் முடியும்போது தரையில் இருப்பேன்.' எதிர்காற்று கூடினால் தூரத்தைக் குறையுங்கள், மிச்சத்தில் கைவைக்காதீர்கள்.

வெயில் அதிகமாக இருந்தால் விமானம் ஏற மறுக்கிறதே, ஏன்?

சூடான காற்று அடர்த்தி குறைவு. இறக்கை, ப்ரொப்பெல்லர், எஞ்சின் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் பலம் குறைகிறது. கடல் மட்டத்தில் நிலையான வெப்பம் 15 டிகிரி. ஆயிரம் அடிக்கு இரண்டு டிகிரி குறையும். அந்தந்த உயரத்துக்குரிய வெப்பத்தைத் தாண்டும் ஒவ்வொரு டிகிரிக்கும், ஓடுபாதையின் உயரத்தோடு சுமார் 120 அடி கூட்டிக்கொள்ளுங்கள். 3,000 அடியில் இருக்கும் ஓடுபாதையில் 35 டிகிரி என்றால், அங்கே இருக்க வேண்டியது 9 டிகிரி, அதிகம் 26 டிகிரி. உங்கள் விமானம் கிட்டத்தட்ட 6,100 அடியில் இருப்பதாக நினைத்துத்தான் நடந்துகொள்ளும். கையேட்டில் அந்த உயரத்துக்கான அட்டவணையைப் பாருங்கள்.

ஓடுபாதையின் பாதியைத் தொடும்போது, மேலெழும்பத் தேவையான வேகத்தில் 70 சதவீதம் வரவில்லை என்றால் பவரைக் குறைத்து நிறுத்திவிடுங்கள். அந்தப் பாதி எங்கே என்று புறப்படும் முன்பே ஓர் அடையாளம் பார்த்து வையுங்கள்.

நடுவானில் எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடுமா?

இல்லை. செஸ்னா 172 ஓர் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்பது அடி முன்னால் போகும். தரையிலிருந்து 5,000 அடி உயரத்தில் இருந்தால், காற்று இல்லாத நாளில் ஏறக்குறைய 14 கிலோமீட்டர் கைக்குள் இருக்கிறது. முதலில் சறுக்கு வேகத்துக்கு வாருங்கள். அடுத்து இறங்க ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்குப் பிறகுதான் எஞ்சின்: டாங்க் மாற்றும் வால்வு, கார்புரேட்டர் ஹீட், மிக்ஸ்சர், பம்ப், மேக்னெட்டோ. நிறைய நேரம் எஞ்சின் நிற்பதற்குக் காரணம் காலியான டாங்க்கில் வால்வு நின்றிருப்பதுதான். பக்கத்து டாங்க்கில் எரிபொருள் இருக்கும்.

காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டருக்குள் பனி உறைவது புதியவர்களை ஏமாற்றும். வெளியே 20 டிகிரிக்கு மேல் இருக்கும்போது உள்ளே எப்படி உறையும் என்று கேட்பார்கள். பெட்ரோல் ஆவியாவதாலும் குறுகிய குழாயில் காற்று விரிவதாலும் உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூடக் குளிர்ந்துவிடும். ஈரமான நாளில் அது போதும். கார்புரேட்டருக்குச் சூடான காற்றை விடும் ஹீட்டைப் போட்டதும் உருகிய தண்ணீர் உள்ளே போய் எஞ்சின் இன்னும் மோசமாகத் தடுமாறும். பயந்து ஹீட்டை எடுத்துவிடாதீர்கள், பொறுங்கள்.

புறப்பட்ட உடனே தாழ்வான உயரத்தில் எஞ்சின் நின்றால், ஓடுபாதைக்குத் திரும்ப முயலாதீர்கள். நேராக முன்னால் இருப்பதில் எது நல்லதோ அதில் இறங்குங்கள். விமானம் உடையலாம், உடையட்டும்.

தரையிறங்கும்போது எதில் கவனம் வேண்டும்?

ஓடுபாதைக்கு நேராக வரும் கடைசித் திருப்பத்தில். இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் அளவு மீறினால் தூக்குவிசை சட்டென்று விழும், அதுதான் ஸ்டால். சாய்ந்து திரும்பும்போது அது இன்னும் அதிக வேகத்திலேயே வந்துவிடும்: உயரத்தை விடாமல் 45 டிகிரி சாய்ந்தால் 19 சதவீதம், 60 டிகிரி சாய்ந்தால் 41 சதவீதம் கூடுதல் வேகத்தில். ஓடுபாதையைத் தாண்டிவிட்டோமே என்று சாய்வைக் கூட்டி, காலால் ரடரை (வால் சுக்கானை) அழுத்தி, ஸ்டிக்கையும் இழுத்தால் விமானம் சுழல ஆரம்பிக்கும். அந்த உயரத்தில் மீட்க இடமில்லை. திருப்பம் சரியாக வரவில்லையா, பவரைக் கொடுத்து ஏறி இன்னொரு சுற்று வாருங்கள். சுற்றி வந்ததற்காக யாரும் உங்களைக் குறைவாக நினைக்க மாட்டார்கள்.

காக்பிட்டில் கார்பன் மோனாக்சைடு கருவி அவசியமா?

அவசியம். இந்த விமானங்களில் பலவற்றில் ஹீட்டர் என்பது புகைக்குழாயைச் சுற்றி ஓடும் காற்று. குழாயில் விரிசல் விழுந்தால் விஷவாயு உள்ளே வரும். நிறமும் இல்லை, மணமும் இல்லை. 2019 ஜனவரி 21 அன்று கால்பந்து வீரர் எமிலியானோ சாலா பைப்பர் மாலிபு விமான விபத்தில் இறந்தார். அவர் இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் 58 சதவீதம் கார்பன் மோனாக்சைடோடு இணைந்திருந்ததாகப் பிரிட்டிஷ் விசாரணையில் தெரிந்தது. நிறம் மாறும் அட்டையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சத்தம் போடும் கருவியை வாங்குங்கள்.

அபாய ஒலிபரப்பி?

விமானம் விழுந்தால் தேடுபவர்களுக்கு இடத்தைக் காட்டிக்கொடுக்கும் இந்தக் கருவி 406 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதாக இருக்கட்டும். பழைய 121.5 சிக்னலைச் செயற்கைக்கோள்கள் கேட்பதை 2009 பிப்ரவரி 1-இலேயே நிறுத்திவிட்டார்கள். அதோடு, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

குடும்பத்தோடு போகும்போது வேறு மாதிரி யோசிக்க வேண்டுமா?

ஆமாம். அழுத்தம் அவர்களிடமிருந்து வருவதில்லை, நமக்குள்ளிருந்து வருகிறது. 'நாளைக்குப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், இன்றே திரும்பியாக வேண்டும்' என்ற ஓர் எண்ணம் போதும், முன்னால் கறுத்து நிற்கும் வானம் கறுப்பாகவே தெரியாது. அதனால் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: 'இன்று திரும்ப முடியாமல் போகலாம், மாற்று உடை எடுத்துக்கொள்ளுங்கள்.' திரும்பி வர ரயிலோ பஸ்ஸோ என்ன இருக்கிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டு முறை விமானத்தை அங்கேயே கட்டிவிட்டு ரயிலில் வந்திருக்கிறேன்.

கதவு விஷயத்தையும் சொல்லி வையுங்கள். புறப்படும்போது சரியாக மூடாத கதவு லேசாகத் திறந்துகொண்டால் பயங்கரச் சத்தம் வரும், காற்று அடிக்கும், ஆனால் பெரும்பாலான விமானங்கள் பறந்துகொண்டேதான் இருக்கும். கதவை மூடப் போய்க் கட்டுப்பாட்டை விட்டவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள். ஒரு சுற்று வந்து இறங்கி மூடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பறந்தால் கை பழக்கம் போகாது?

பயணிகளை ஏற்ற, கடந்த 90 நாளில் மூன்று முறை ஏறி இறங்கியிருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் சட்டம். அது போதாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது பறங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டால், ஒரு பயிற்சியாளரை உட்காரவைத்து ஸ்டால், பக்கக்காற்று, எஞ்சின் இல்லாத இறக்கம் மூன்றையும் செய்து பாருங்கள்.

இரண்டு மாதம் பறக்க முடியாது. வாரம் ஒருமுறை எஞ்சினை மட்டும் ஓட்டி வைத்தால் போதுமா?

நல்லது என்று நினைத்து இதைச் செய்கிறவர்கள் நிறையப் பேர், ஆனால் இது கெடுதல். நின்ற இடத்தில் பத்து நிமிடம் ஓடினால் ஆயில் தேவையான அளவு சூடாகாது. எரிதலில் உண்டாகும் ஈரம் ஆவியாகி வெளியே போகாமல் ஆயிலிலேயே தங்கி, அதுவே துருவுக்கு வழி செய்யும். ஒரு மணி நேரமாவது பறக்க முடிந்தால் ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடாதீர்கள்.

நிறுத்தி வைக்கும் முன் ஆயிலை மாற்றுங்கள், டாங்க்கை நிரப்புங்கள், பாட்டரியைக் கழற்றுங்கள். மூன்று இடத்தில் கட்டி, கன்ட்ரோல் பூட்டைப் போட்டு, பிட்டோ குழாய்க்கும் காற்றுத் துளைகளுக்கும் சிவப்பு நாடா தொங்கும் உறைகளைப் போடுங்கள். எத்தனை உறை போட்டீர்கள் என்று ஒரு காகிதத்தில் எழுதி விமானி இருக்கை மேல் வையுங்கள். திரும்பி வந்து பறக்கும் அன்று அத்தனையையும் கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள்.